அடப்டர் பிடிச்சிட்டு

லீஃப் கார் வச்சிருக்கிற பலர் கேட்டதால எழுதுறோம். பழைய லீஃபுக்கு உள்ளது ஜப்பானின் சாடெமோ வாய். புதுசா வைக்கிற வேகச் சார்ஜர்களில் அநேகமானவை சீசீஎஸ் 2. உம்மாவைக் கொழும்பு கிளினிக்குக் கூட்டிப்போகணும் என்பதால சகோதரர்கள் நாலு பேரும் காசு சேர்த்து அடப்டர் எடுத்தோம்.

முதல் நாள் சார்ஜர் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அடப்டருக்குள்ளேயும் ஒரு குட்டி பேட்டரி இருக்காம். அது இறங்கினா காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளாது. விற்றவர் வாயே திறக்கல்ல. யூஎஸ்பியால அதை ஏத்திக்கிட்டுத் திரும்பப் போனோம், பிடிச்சிட்டு. கிளினிக் நாளிலும் பிரச்சினை இல்லை. 80 வீதம் வரும்வரை உம்மா காருக்குள்ளேயே நல்ல தூக்கம்.

பழைய லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. இந்த வெயிலில் அடுத்தடுத்து வேகச் சார்ஜ் போட்டா சூடேறி வேகம் குறையும். சார்ஜை நிறுத்தாம பிடுங்கப் பார்க்காதீங்க, உள்ளே ஓடுறது 400 வோல்ட் கிட்ட.

தேவைப்படுறவங்க ஒரு நாள் முந்திச் சொல்லுங்க, குட்டி பேட்டரியை ஏத்தித் தாறோம்.