ஆதியரங்கத்தில் ஒரு நாள்

காவிரியாற்றின் நடுவே அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் தீவுகள் மூன்று என்பர். கடையரங்கம் நம் திருச்சியை அடுத்த திருவரங்கம், நடுவரங்கம் சிவசமுத்திரம், ஆற்றின் மேற்போக்கில் முதலாவதாக அமைந்த ஆதியரங்கமோ, கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம். கோயிலால் பெயர் பெற்ற அவ்வூர், கோட்டையால் வரலாறு பெற்றது. ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் அரசோச்சிய தலைநகர் அது. கத்தோலிக்கராகிய நமக்கு அவ்வூரோடு வேறொரு தொடர்பும் உண்டு. அதை நம்மில் பலர் அறியார்.

ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் பணிபுரியும் நண்பர் ஐவர், தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமையன்று மூன்று மோட்டார் சைக்கிள்களில் அவ்வூருக்குப் புறப்பட்டோம். போக ஏறத்தாழ 165 கிலோமீட்டர். இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. எங்களுள் மூத்தவர் மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பத்தவர். வீட்டில் கொங்கணி பேசுபவர். இன்னொருவர் இஸ்லாமிய அன்பர். எங்களுக்கெல்லாம் அவர் ‘பாய்’தான். இவ்விருவரும் ஒரே வண்டியில் வந்தனர்.

விடியுமுன் பெங்களூரு நகரைக் கடந்துவிட்டோம். மைசூருக்குச் செல்லும் புதிய விரைவுச் சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. ஓரத்துச் சாலையில்தான் செல்ல வேண்டும். அதுவும் நன்மையாகவே முடிந்தது. விரைவுச் சாலையில் பறப்போர் காணாத ஊர்களையெல்லாம் நாங்கள் கண்டோம். பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ராமநகரத்தில், 1975-இல் வெளிவந்த ‘ஷோலே’ திரைப்படத்தில் இடம்பெற்ற பாறைக் குன்றுகள் இளவெயிலில் செந்நிறம் பூண்டிருந்தன. சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகள் கடைதோறும் தொங்கின. பாய் தம் மகளுக்கு ஒரு நடைவண்டி வாங்கினார். மூத்தவர் பேரனுக்கு ஒரு பம்பரம் வாங்கினார். மத்தூரில் வெங்காயம் மணக்கும் தட்டையான மொறுமொறுப்பு வடையும் காப்பியும் காலை உணவாயின. ஒன்பதரை மணிக்குக் காவிரிப் பாலத்தைக் கடந்து தீவினுள் நுழைந்தோம்.

கோட்டையும் சிறையும்

காவிரி இங்கே இரு கிளையாகப் பிரிந்து, தீவைச் சுற்றிக் கீழ்க்கோடியில் மீண்டும் ஒன்றாகிறது. ஆறே அகழியாக அமைந்த அரண் அது. 1799 மே 4 அன்று நண்பகல் கழிந்த வேளையில், பீரங்கியால் தகர்த்த மதிலின் வழியே ஆங்கிலப் படை உள்ளே புகுந்தது. போரிட்டு வீழ்ந்த திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் ஒரு கல் நடப்பட்டுள்ளது. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை ஏற்றுச் சென்றவர் டேவிட் பெயர்டு. அவர் 1780-இல் நம் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் தோற்றுப் பிடிபட்டு, இதே ஊரில் மூன்றாண்டுகளுக்கு மேல் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர். பொள்ளிலூர் வெற்றியைத் திப்பு தம் தேக்குமர மாளிகையான தரியா தௌலத்தின் சுவரில் ஓவியமாகத் தீட்டுவித்தார். தோற்ற சேனாதிபதி பெய்லியின் பெயரால் நிலவறைச் சிறை ஒன்று இன்றும் வழங்குகிறது. கைதிகளின் கைகளைப் பிணைப்பதற்காகத் துளையிட்ட கற்பலகைகள் அச்சிறையின் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே நின்றபோது எங்களுள் எவரும் பேசவில்லை.

சிறையிலிருந்து நடக்கும் தொலைவில் அரங்கநாதர் கோயில் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. கோட்டை வாயிலருகே திப்பு கட்டிய பள்ளிவாசலின் இரு மினார்களும் நிற்கின்றன. இக்கோயிலுக்குத் திப்பு வெள்ளிப் பாத்திரங்கள் வழங்கினார். 1791-இல் மராட்டியப் படையினரால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்தைச் சீர்செய்யப் பொருளுதவி அளித்ததற்கு அவருடைய கடிதங்களே சான்று.

எனினும் அதே மன்னரின் ஆணையால் நேர்ந்த கொடுந்துயர் ஒன்றும் உண்டு. 1784-ஆம் ஆண்டு சாம்பல் புதனன்று கனரா நாட்டுக் கத்தோலிக்கர் ஆங்கிலேயருக்குத் துணைபோயினர் என்று குற்றம் சாட்டப்பட்டு, குடும்பம் குடும்பமாகப் பிடிக்கப்பட்டனர். அவர்களுடைய நிலபுலன்கள் பறிமுதலாயின, ஆலயங்கள் இடிக்கப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திவரப்பட்டனர். அவர்கள் 30,000 பேர் என்பாரும், 60,000-க்கு மேல் என்பாரும் உளர். வழியில் மாண்டோர் பலர். கட்டாயமாக மதம் மாற்றப்பட்டோரும் படையில் சேர்க்கப்பட்டோரும் பலர். எஞ்சியோர் விடுதலை கண்டது பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்பு, 1799-இல் கோட்டை வீழ்ந்த பிறகுதான்.

கும்பஸ் வாயிலில்

தீவின் கீழ்த்திசையில் கும்பஸ் எனப்படும் கல்லறை மாளிகை உள்ளது. ஹைதர் அலிக்காகத் திப்பு எழுப்பியது அது. பளபளக்கும் கருங்கல் தூண்கள் 36 தாழ்வாரத்தைத் தாங்குகின்றன. உள்ளே தந்தை, தாய், மைந்தர் மூவரும் துயில்கின்றனர். பாய் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே சென்று ஃபாத்திஹா ஓதினார். நாங்களும் காலணிகளைக் கழற்றிப் பின்தொடர்ந்தோம். மூத்தவர் மட்டும் படியிலேயே நின்றுவிட்டார்.

“நீங்கள் போய் வாருங்கள், தம்பி. என்னால் இயலாது” என்றார்.

பின்னர்ச் சங்கமத்தில், இரு கிளைகளும் கூடும் துறையில், பரிசல்களைப் பார்த்தவாறு கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அங்கேதான் அவர் வாய் திறந்தார். சாம்பல் புதன்தோறும் அவருடைய பாட்டியார் பிள்ளைகளை உட்காரவைத்து, மலை கடந்து போய்த் திரும்பாத முன்னோரைப் பற்றிச் சொல்வாராம். ஒரு தாய், நடக்க இயலாத தன் குழந்தையை வழியில் அடக்கம் செய்த கதையை ஒவ்வோர் ஆண்டும் சொல்லி அழுவாராம். “அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் படியில் எப்படி ஏறுவேன்?” என்றார்.

பாய் நெடுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அண்ணே, எங்கள் வீட்டில் அவரை வெள்ளையனுக்குத் தலைவணங்காமல் களத்தில் செத்த ராஜா என்று சொல்லி வளர்த்தார்கள். உங்கள் பாட்டி சொன்னதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது. என் பிள்ளைக்கு இனி இரண்டையும் சொல்வேன்.”

மூத்தவர் மறுமொழி கூறவில்லை. தம் தூக்கிலிருந்த புளிச்சோற்றில் ஒரு பங்கை எடுத்துப் பாயின் இலையில் வைத்தார்.

துபுவா சுவாமியின் ஆலயம்

திரும்பும் வழியில் கஞ்சாம் பகுதியில், 1800-இல் எழுந்த சிறிய ஆலயத்தைச் சென்று கண்டோம். அபே துபுவா ஆலயம் என்றே அதனைக் குறிப்பிடுகின்றனர். பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்த பிரஞ்சுக் குருவானவர் துபுவா, 1792-இல் இந்தியா வந்து நம் புதுச்சேரிப் பகுதியில் பணி தொடங்கியவர். நாட்டு உடை தரித்து, நாட்டு மக்களைப்போல் வாழ்ந்தவர். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், சிதறுண்ட கிறிஸ்தவ மக்களை ஒன்றுகூட்டும் பணி அவரிடம் வந்தது.

வீடிழந்து, நிலமிழந்து, மறையையும் இழந்து நின்ற அம்மக்களை அவர் மீண்டும் திருச்சபையில் சேர்த்துக்கொண்டதோடு நிற்கவில்லை. உழுது பிழைக்க வழி வேண்டும் என்று ஹாசன் பகுதியிலுள்ள சாத்தஹள்ளியில் வேளாண் குடியேற்றம் அமைத்தார். பெரியம்மை ஊர்களைச் சூறையாடிய காலம் அது. அம்மை குத்துதல் இந்நாட்டுக்கு வந்த புதிதில், 1803–04-இல், மைசூர் நாட்டில் 25,000-க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்த அவர் ஏற்பாடு செய்தார். நோய்க்கு மதமில்லை, அவர் அளித்த காப்புக்கும் மதமில்லை. 1823-இல் தாய்நாடு திரும்பிய அவர், 1848-இல் காலமானார்.

பீடத்தின் முன் மூத்தவர் முழந்தாளிட்டுத் தம் முன்னோருக்காகச் செபித்தார். பாய் கடைசி வரிசையில் வந்து அமைதியாக அமர்ந்திருந்தார். ஒருவருக்கு ஒருவர் எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு மூன்று வண்டிகளும் ஓசூரை நோக்கித் திரும்பின. காலையில் வந்தவாறே அவ்விருவரும் ஒரே வண்டியில் ஏறினர்.

பங்குக் குடும்பங்கள் விடுமுறையில் மைசூருக்குச் செல்லும்போது அரண்மனையோடு திரும்பிவிடுதல் வழக்கம். மைசூரிலிருந்து 15 கிலோமீட்டர் தொலைவிலேயே இத்தீவு உள்ளது. ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். காலையில் கோட்டையையும் சிறையையும், வெயில் ஏறியதும் தரியா தௌலத்தையும், பிற்பகலில் கும்பஸையும் சங்கமத்தையும் கண்டு, நிறைவாகக் கஞ்சாம் ஆலயத்தில் சற்றே தங்குங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். மறைக்காமல் விடை கூறுங்கள். நம்மவர் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லவும் வேண்டா. அதைக் கொண்டு இன்று நம் பக்கத்து வீட்டில் வாழும் அன்பரை அளக்கவும் வேண்டா. துபுவா சுவாமி அம்மை குத்தியபோது யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அத்தீவைச் சுற்றி ஓடும் காவிரிதான் சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்ந்து, ஒகேனக்கல் வந்து, குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களின் குடிநீராகிறது. ஓசூரில் பாயின் வீட்டிலும் மூத்தவரின் வீட்டிலும் குடத்தில் பிடிப்பது அந்நீரையே.