மடி நிறையப் பறித்தவன்



வேதத்தில் பெயர் சொல்லப்படாத சமையற்காரன் ஒருவன் உண்டு. 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தின் பிற்பகுதியில் அவனைச் சந்திக்கிறோம். கில்காலில் பஞ்சம். தம்முன் உட்கார்ந்திருந்த தீர்க்கதரிசிகளின் புத்திரருக்குப் பெரிய பானையில் கூழ் காய்ச்சும்படி எலிசா தம் வேலைக்காரனிடம் சொல்கிறார். அவர்களில் ஒருவன் கீரை பறிக்க வெளியே போகிறான். போன இடத்தில் ஒரு காட்டுக்கொடி கண்ணில் படுகிறது. அதன் காய்களை மடி நிறையக் கொண்டுவந்து, இன்னதென்று அறியாமலே அரிந்து பானையில் போட்டுவிடுகிறான்.

அந்தக் கொடியை நம் தமிழ் வேதாகமம் பேய்க்கொம்மட்டி என்கிறது. மணற்பாங்கான நிலத்தில் படர்வது. நம் நாட்டிலும் உண்டு. காய் பார்வைக்குச் சிறிய தர்ப்பூசணி போலிருக்கும். கசப்போ தாங்க முடியாதது; பேதி மருந்தாகப் பழங்காலந்தொட்டு அறியப்பட்டது. பசித்திருந்தவர்கள் வாயில் வைத்ததும் அலறிவிட்டார்கள்.

இதைப் போட்டவன் யார் என்று எலிசா கேட்கவில்லை. பானையைக் கவிழ்க்கச் சொல்லவும் இல்லை. மா கொண்டுவரச் சொல்லி அதைப் பானையில் போட்டு, ஜனங்களுக்கு வார்க்கச் சொன்னார். இப்பகுதியில் நாம் பெரும்பாலும் அற்புதத்தைப் பேசி முடித்துவிடுகிறோம். எனக்கோ மடி நிறையப் பறித்துவந்த அந்த வாலிபன்மேல் தனிப் பிரியம். அவனைப் போன்றவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள்.

ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரில்லாமல் எழுத அவளே இசைந்தாள். வயது 26. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து, தோழியர் இருவரோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். பகல் முழுவதும் கணினி. மீதி நேரத்தில் கித்தார் பழகுகிறாள், பூத்தையல் போடுகிறாள், தானே மெட்டமைத்த பாடல்களைக் கைப்பேசியில் பதிந்துவைக்கிறாள், ஒரு நண்டைப் பற்றிச் சிறுவர்களுக்குப் படக்கதை எழுதுகிறாள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமைதோறும் சமையலறையில் ஏதாவது ஒரு பரீட்சை.

ஈஸ்டருக்கு வந்திருந்த அவளுடைய தாயார் என்னிடம், "ஐயா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்து வேலையத் தொடங்குறா, ஒண்ணையும் முடிக்கிறதில்ல" என்று முறையிட்டார். பெற்றோர் சொல்லக்கூடிய சொல்தான். ஆனால் பிள்ளையின் மனதிலிருந்த பாரம் அதைவிடப் பெரியது. சில நாள் கழித்து அவள் எங்கள் வீட்டிற்கு வந்து என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, லூக்கா 14-இல் வரும் கோபுரத்தைக் குறிப்பிட்டாள். அஸ்திபாரம் போட்டுவிட்டு முடிக்கத் திராணியில்லாமல் பரியாசத்துக்கு ஆளானவன் தான்தான் என்றும், படமும் பாட்டும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடப்போவதாகவும் சொன்னாள். பாடகர் குழுவிலிருந்தும் விலகுவதாகத் தீர்மானித்திருந்தாள்.

பிரியமானவர்களே, அந்த உவமை சீஷத்துவத்தின் விலையைப் பற்றியது. தமக்குப் பின்னே வருகிறவன் எதையெல்லாம் விட்டுவர வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்படி ஆண்டவர் சொல்கிறார். பாதி தைத்த துணியையும் பாதி வரைந்த நண்டையும் அவர் அங்கே எண்ணவில்லை. ஒரு வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கி நம் நெஞ்சிலேயே குத்திக்கொள்ளும் பழக்கம் பக்தியுள்ளவர்களுக்கே அதிகம்.

இதைச் சொல்லிவிட்டு அவளுடைய சமையலைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. ஆப்பத்தோடு மூன்று வாரம் போராடிய கதையைச் சொன்னாள். பச்சரிசியை ஊறவைத்து, தேங்காயும் ஒரு பிடி சோறும் சேர்த்து அரைத்து, அதில் ஒரு கரண்டி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிட்டுக் கலந்து, ஈஸ்ட் போட்டு மூடிவைத்தாளாம். (ஊரில் கள் விட்டுப் புளிக்கவைத்த ஆப்பத்தின் மணம் சிலருக்கு நினைவிருக்கும், அதைப் பற்றிப் போதகர் அதிகம் பேசலாகாது.) சென்னைப் புழுக்கத்தில் விடியுமுன்பே மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. அடுத்த வாரம் பயந்துபோய் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். மாவு அசையாமல் கிடந்தது. மூன்றாம் வாரம் மாவு சரியாக வந்தது, ஆனால் சட்டி புதிது. எண்ணெய் தடவிப் பழக்காத இரும்புச் சட்டியில் ஆப்பம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டி எடுத்து, வெங்காயம் வதக்கிக் கிளறி, உப்புமா என்று பெயரிட்டுத் தோழியருக்குப் பரிமாறினாள். அவர்களும் சாப்பிட்டார்கள்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒன்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஒன்றையும் முடிப்பதில்லை என்று பெயரெடுத்த இந்தப் பெண், சமையலில் ஒன்றையுமே பாதியில் விட்டதில்லை! கெட்டுப்போனதைக்கூட ஏதோ ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவந்து இலையில் வைத்துவிடுகிறாள். ஏனென்றால் பசியோடு இருவர் காத்திருக்கிறார்கள். நண்டுக்கதைக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை.

நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1826-இல் பிறந்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர். முன்சீப்பாக நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர். பஞ்ச காலத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளைப் போஷித்தவர். சட்டத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார், நீதிநூல் இயற்றினார், கீர்த்தனைகள் பாடினார். 1879-இல் வெளிவந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் எனப்படுகிறது. எத்தனை வேலைகள்! ஒன்றைப் பிடித்துக்கொள் என்று யாராவது அவருக்குப் புத்தி சொல்லியிருந்தால் நஷ்டம் நமக்கே. ஆனால் தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே அதை எழுதியதாக அவர் முன்னுரையில் சொல்கிறார். அவருடைய பானைக்கு முன்னும் பசித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகையால் அந்தப் பிள்ளையிடம் ஒன்றையும் விடச் சொல்லவில்லை. "உன் வேலைகளில் ஒவ்வொன்றையும் எடுத்து, இதைச் சாப்பிடப்போவது யார் என்று கேட்டுப் பாரம்மா. ஆள் இருந்தால் அவர்களிடம் நாள் சொல்லிவிடு. ஆள் இல்லாவிட்டால் குற்ற உணர்வில்லாமல் இறக்கி வை" என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு, "யாருக்குமே இல்லாம ஒண்ணு மட்டும் வச்சுக்கக் கூடாதா ஐயா?" என்றாள். கித்தாரைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது.

நல்ல கேள்வி. சங்கீதம் 104-இல் சமுத்திரத்தில் விளையாடும்படி தேவன் லிவியாதானை உண்டாக்கினார் என்று வாசிக்கிறோம். அது யாருக்கும் உணவாவதற்கோ, சுமை சுமப்பதற்கோ படைக்கப்பட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. விளையாட்டுக்கென்று ஒன்று இருக்கலாம். அதை முடிக்கவேண்டிய கடன் யாருக்கும் இல்லை. முடிக்கவில்லையே என்ற துக்கமும் வேண்டாம். கித்தார் இருக்கட்டும் என்றேன்.

சபையிலுள்ள மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாலிபர் மடி நிறையப் பறித்துக்கொண்டு வருவார்கள். சிலது கீரை, சிலது பேய்க்கொம்மட்டி. எது எது என்று சொல்லிக்கொடுக்கும் அறிவு உங்களிடம் இருக்கிறது. எலிசா கேட்டது வெறும் மாவு. எந்த வீட்டிலும் இருப்பது. நம் பெண்கள் ஐக்கியத்தின் மூத்த அம்மா ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு, அவளைத் தொலைபேசியில் அழைத்து, "சட்டியக் காயவெச்சு நல்லெண்ணெ தடவி, ஒரு வெங்காயத்த வெட்டித் தேய்ச்சு, ரெண்டு மூணு நாள் அதுலயே முட்டையப் பொரிச்சு எடு மக்கா, பொறவு ஆப்பம் ஒட்டாது" என்று சொல்லியிருக்கிறார். எனது அரைமணி நேர ஆலோசனையைவிட அது அவளுக்கு அதிகமாய் உதவிற்று.

பூத்தையல் வளையம் இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பாடகர் குழுவில் அவள் தொடர்கிறாள். நண்டுக்கதையை ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அன்று ஓய்வுநாள் பள்ளியின் சிறு பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டுவதாக நாள் குறித்தாகிவிட்டது. 12 படங்களில் 7 வரைந்துவிட்டாள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு சிறுவன் அவள் துப்பட்டாவைப் பிடித்திழுத்து, நண்டு கடைசியில் கடலுக்குப் போய்ச் சேருமா என்று கேட்டான். இன்னும் தெரியவில்லை என்றாள். அவன் நகர்வதாயில்லை.