கிளையும் அடிமரமும்

கிளை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் சுற்றம் என்றும் பொருளுண்டு. அலுவலகங்களோ மரத்தின் கிளையை மட்டுமே எடுத்துக்கொண்டன. அடிமரத்திலிருந்து அறுந்தால் கிளை பட்டுப்போகும் என்பது தலைமையகங்களின் நம்பிக்கை. கணினி வலையமைப்பு வந்தபின் அந்த நம்பிக்கையைக் கம்பியாகவே இழுத்துப் பொருத்திவிட்டார்கள்.

2012ஆம் ஆண்டின் நடுவில், நகைக்கடன் தரும் நிதி நிறுவனம் ஒன்றின் காரைக்குடிக் கிளைக்கு வலையமைப்பை நிறுவும் பணி எங்கள் மூவருக்கும் வந்தது. பழைய வீடொன்றில் இயங்கிய அலுவலகம், பதினெட்டுக் கணினிகள். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்களைக் கம்பியில்லா அலைகள் எளிதில் கடப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு மேசைக்கும் கேபிள் இழுத்தோம். ஸ்விட்ச்சிலிருந்து கணினிவரை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. முனையில் எட்டு இழைகளையும் நிற வரிசைப்படி அடுக்கி அழுத்த வேண்டும். பச்சை இணையைப் பிரித்து அதன் நடுவே நீல இணை அமர்ந்திருப்பது புதியவர்களுக்கு விந்தையாகத் தெரியும். நடுவிலுள்ள இரண்டு ஊசிகளைத் தொலைபேசிக்கென்று விட்டுவைத்த பழைய ஏற்பாட்டின் எச்சம் அது.

பிறகு முகவரிகள். நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்திக்கொள்ளவென்று 1994இல் சில முகவரித் தொகுதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. அவற்றில் பத்து என்ற எண்ணில் தொடங்கும் தொகுதியை எடுத்து, சென்னைக்கு 10.1 என்றும் காரைக்குடிக்கு 10.14 என்றும் பிரித்தோம். இரண்டு ஊர்களிலும் ஒரே எண்கள் இருந்தால் தகவல் எங்கே போவதென்று தெரியாமல் திகைக்கும். ஒரு தெருவில் இரண்டு முருகேசன்கள் இருந்தால் வீட்டுப் பெயரைச் சேர்த்துச் சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

இவையெல்லாம் எளிய பகுதி. சென்னையிலிருந்து வந்த வரைபடத்தில் கணக்கு, கடவுச்சொல் சரிபார்ப்பு, ரசீது அச்சிடும் ஆணை யாவும் சென்னை சர்வரிலேயே இருந்தன. காரைக்குடியில் இருக்கப்போவது திரைகளும் கம்பிகளும் மட்டுமே. நாங்கள் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது காசாளர் அம்மா கேட்டார்: "லைன் போச்சுன்னா, நம்ம பெட்டகத்துல இருக்கிற நகையைக் குடுக்கிறதுக்கும் மெட்ராஸைத்தான் கேக்கணுமா தம்பி?"

அன்றைக்கு அது கற்பனைக் கேள்வியன்று. அவ்வாண்டு சென்னையில் மின்வெட்டு இரண்டு மணி நேரம். மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டிய நாட்கள் உண்டு. 'லைன் இல்லை, நாளைக்கு வாங்க' என்ற வாக்கியத்தைக் கேட்காதவர் நம்மில் யார்? மகள் கல்யாணத்துக்காக அடகுச் சங்கிலியைத் திருப்பப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்தவளுக்கு அந்த நாளை என்பது மிகத் தொலைவு.

அவர் கேள்வியிலேயே விடையும் இருந்தது. சேமிப்புக் கணக்கின் பணத்தை எந்தக் கிளையிலும் எடுக்கலாம். ஆகவே அதன் கையிருப்பைச் சென்னையிடம் கேட்டே தீர வேண்டும். அடகு நகையோ இந்தப் பெட்டகத்தில் மட்டுமே இருக்கிறது. வேறெந்தக் கிளையும் அதை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அப்படியானால் அதன் கணக்கும் இங்கேயே இருப்பதில் என்ன ஆபத்து? புதுக்கடனுக்கான கிராம் விலையைக் காலையில் ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

இதைத் தலைமையகத்துக்கு உணர்த்தப் பல வாரங்கள் ஆயின. கட்டுப்பாடு கைநழுவுகிறது என்ற அச்சம் அவர்களுக்கு; அது முற்றிலும் நியாயமற்றது என்று சொல்ல மாட்டோம். அன்றாடப் பதிவுகள் இணைப்பு கிடைத்ததும் வரிசைப்படி சென்னை செல்லும் என்ற ஏற்பாட்டின் பேரில் சிறிய சர்வர் ஒன்றுக்கு இசைந்தார்கள். அதற்கும் ஸ்விட்ச்சுக்கும் இரண்டு கவுன்ட்டர்களுக்கும் மட்டும் மின்கலம் வைத்தோம். ஈய அமில மின்கலம் முழுதாக நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகும் மின்சாரத்தை அது நம்ப முடியாது. எனவே ஒரு பகல் முழுவதும் தாங்கும் அளவுக்குக் கணக்கிட்டோம்.

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அன்று அறுந்த சென்னை இணைப்பு மறுநாள் மாலைதான் திரும்பியது. தீபாவளிக்கு இரண்டு வாரமே இருந்த நேரம். காரைக்குடியில் ரசீதுகள் அச்சாகின. நகைகள் வீடு திரும்பின. அடிமரம் இருண்டிருந்தபோது கிளை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

இன்று ஒளியிழை வந்துவிட்டது. கணக்குகள் தொலைதூரத் தரவு மையங்களுக்குப் போய்விட்டன. இணைப்பு அறுவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. எது எங்கே இருக்கிறது, யார் அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை வரைபடம் சொல்வதில்லை. ஆகவே புதிய கிளை எதற்குச் சென்றாலும், கேபிளைப் பிரிப்பதற்கு முன் நாங்கள் கவுன்ட்டருக்குப் பின்னால் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.