அஜ்மீர்: ஒரே கொப்பரை, பல கைகள்

அஜ்மீர் ரயில் நிலையத்திலிருந்து தர்காவுக்கு நடந்தே போய்விடலாம். ரோஜா இதழ்க் கூடைகளும் ஜரிகைப் போர்வைகளும் அடைத்து நிற்கும் தர்கா பஜார் முடிகிற இடத்தில், ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் கட்டித் தந்த வாயில் உயர்ந்து நிற்கிறது. உள்ளே போய் புலந்த் தர்வாஜாவைக் கடந்தால், படிக்கட்டு வைத்த இரண்டு ராட்சதக் கொப்பரைகள். 'தேக்' என்பது அவற்றின் பெயர். நம் கல்யாண வீடுகளில் பிரியாணி வேகும் 'தேக்சா' இந்தப் பாரசீகச் சொல்லின் குட்டிதான்.

பெரியது, சித்தூர் வெற்றிக்குப் பின் அக்பர் கொடுத்தது. சிறியது, 1613-இல் வந்து மூன்றாண்டு தங்கிய ஜஹாங்கீர் கொடுத்தது. அதில் சமைத்து 5,000 ஏழைகளுக்கு உணவளித்ததைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே பதிவு செய்திருக்கிறார். பெரிய கொப்பரை ஏறத்தாழ 4,800 கிலோ கொள்ளும் என்பது தர்காவில் சொல்லப்படும் கணக்கு.

வேகுவது பிரியாணி அல்ல. அரிசி, சர்க்கரை, நெய், உலர்பழங்கள் சேர்ந்த இனிப்புச் சோறு. இறைச்சி கிடையாது. அதனால் எந்த மதத்தவரும் தயங்காமல் கை நீட்டலாம். முன்பெல்லாம் அருகிலுள்ள இந்தர்கோட் ஆட்கள் உடம்பெங்கும் துணி சுற்றிக்கொண்டு, சூடு தணியாத கொப்பரைக்குள் குதித்துச் சோற்றைக் 'கொள்ளையடிப்பது' ஒரு சடங்காகவே இருந்தது. இப்போது வாளிகளில் அள்ளிக் கொடுக்கிறார்கள். இரவு முழுக்க வெந்து, அதிகாலைத் தொழுகைக்குப் பின் விநியோகம்.

தொழ இடம், ஹலால் உணவு, மது இல்லாத விடுதி என்று விளம்பரப்படுத்தி, 'ஹலால் சுற்றுலா' என்ற பெயரில் ஒரு தொழிலே இன்று வளர்ந்திருக்கிறது. 1236-இல் மறைந்த காஜா முயீனுத்தீன் சிஷ்தியின் ஊர் இதையெல்லாம் பெயர் வைக்காமலே நடத்தி வந்திருக்கிறது. காசியிலும் கயையிலும் பண்டாக்கள் வைத்திருப்பதுபோல, இங்குள்ள காதிம் குடும்பங்களிடம் யாத்ரீகர்களின் பெயரேடுகள் உண்டு. தாத்தா வந்து இறங்கிய வீட்டிலேயே பேரனும் இறங்குவான். தங்க இடம், ஜியாரத், துஆ எல்லாம் அந்தக் காதிம் பொறுப்பு. உருஸுக்கு முன் அழைப்புக் கடிதம் வரும். வர முடியாதவர் காணிக்கையை அனுப்பிவைப்பார். விருந்தோம்பலும் நிதி திரட்டலும் இங்கே ஒரே வாசலில்தான்.

ஆனால் தர்காவுக்குப் பொறுப்பாளர் ஒருவரல்ல. 1955-ஆம் ஆண்டின் தர்கா காஜா சாகேப் சட்டப்படி மத்திய அரசு நியமிக்கும் கமிட்டி ஒன்று உண்டு. அதன் நிர்வாகி நாஜிம். காதிம்களுக்கு இரண்டு அஞ்சுமன்கள். இவர்களுக்கு அப்பால் சஜ்ஜாதாநஷீன். தினமும் காய்ச்சும் வாற்கோதுமைக் கஞ்சியான லங்கர், கமிட்டியின் பொறுப்பு. உருஸ் நாட்களில் கொப்பரைகளில் விழும் காணிக்கையின் உரிமையை அஞ்சுமன்கள் ஏலம் விடுவது வழக்கம்.

தர்காவின் பெயரில் காணிக்கை பெறும் அதிகாரம் நாஜிமுக்கும் அவர் நியமிப்பவருக்கும் மட்டுமே என்றது சட்டம். காதிம்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் செல்லும் என்று 1961-இல் தீர்ப்பானது. ஆனால் பக்தர் காதிமுக்கென்று தனியாகக் கொடுப்பதை இது தடுக்காது என்றும் நீதிமன்றம் சொன்னது. தர்காவுக்குக் கொடுத்ததா, காதிமுக்குக் கொடுத்ததா என்பது இப்படி கொடுப்பவரின் மனதைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. நெரிசலில் பத்து ரூபாயை நீட்டும் கிராமத்துப் பாட்டியிடம் அதை யார் கேட்கிறார்கள்?

கூட்டத்தைச் சமாளிப்பது என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒன்றுசேர்கிறார்கள். ரஜப் மாதத்தின் முதல் ஆறு நாள் உருஸுக்கு ரயில்வே சிறப்பு ரயில் விடுகிறது. ஊருக்கு வெளியே காயட் விஷ்ராம் ஸ்தலியில் மாவட்ட நிர்வாகமும் கமிட்டியும் பஸ்களுக்கும் கூடாரங்களுக்கும் இடம் செய்கின்றன. காதிம் வீடுகள் நிரம்பி வழிகின்றன. பாதையையும் படுக்கையையும் பகிர்ந்துகொள்ளும் இந்த அமைப்புகள் கணக்கை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை.

அது ஏழை வயிற்றைத் தொடும் விஷயம். லங்கருக்காக அக்பர் 18 கிராமங்களை எழுதி வைத்தார். ஜாகீர் ஒழிப்போடு அந்தக் காலம் முடிந்தது. இன்று அடுப்பு எரிவதில் யாத்ரீகரின் காசுக்குப் பெரும் பங்கு. காதிமின் உழைப்புக்கு அவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. தலைமுறைகளாக அவர் பிழைப்பு அது. எது அவருக்கு, எது அடுப்புக்கு என்று கொப்பரைப் படியிலேயே, பல மொழிகளில் ஒரு பலகை வைக்க இரு தரப்பும் சேர்ந்தால் போதும். அதுவரை, லங்கருக்கென்று கொடுக்க நினைப்பவர்கள் நாஜிம் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. அதன் பிறகு விடியற்காலையில் எழுந்து வந்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று அந்த இனிப்புச் சோற்றையும் ஒரு கை வாங்கிச் சாப்பிடுங்கள்.