பிச்சாவரத்தில் மரம் முளைக்காத பள்ளம்

சிதம்பரம் பக்கம் டூர் போற காலேஜ் பஸ்களின் திட்டம் பெரும்பாலும் ஒண்ணுதான். காலையில் நடராஜர் கோயில், மதியம் பிச்சாவரம் படகு. 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். வந்த இடம் எதுன்னு படகுக்கார அண்ணனைக் கேட்போம், அவரும் கை காட்டுவார், நாலு போட்டோ எடுத்துட்டுக் கரை ஏறிடுவோம். அடுத்த தடவை போனா கொஞ்சம் சேற்றையும் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். விஷயமே அங்கேதான் இருக்கு.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேரில் ஓடையும் காடுமாக விரிந்து கிடக்கிறது இந்த இடம். ஓடைக்கரையில் குடைக்கம்பி மாதிரி வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதுக்குப் பின்னால், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டி மூச்சு விடுவது கண்டல். கண்டல் இலையை நாக்கில் வெச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும். உறிஞ்சின உப்பை இலை வழியா வெளியே தள்ளிவிடுகிற மரம் அது. தில்லை மரத்தை மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்தது இந்த மரத்தால்தான்.

இப்படிப்பட்ட காட்டின் உள்ளே பெரிய பெரிய மொட்டைத் திடல்கள் இருந்தன. உமரிச் செடியைத் தவிர எதுவும் முளைக்காத இடங்கள். காரணம் கேட்டால் பல காலமாகச் சொல்லப்பட்ட பதில், 'ஊர்க்காரங்க விறகு வெட்டுறாங்க, மாடு மேய்க்கிறாங்க' என்பதுதான். கேட்க நியாயமாத்தான் தெரியும். ஆனால் வெட்டின காடு திரும்ப முளைக்கணுமே, ஏன் முளைக்கலை?

தொண்ணூறுகளில் இந்தக் கேள்வியோடு இறங்கியவர் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி வி.செல்வம். அவரும் குழுவினரும் மரத்தோடு நிற்காமல் தரையையும் பார்த்தார்கள். பதில் பழைய வரலாற்றில் கிடைத்தது. 1911-லிருந்து எழுபதுகள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்து மரம் எடுத்திருக்கிறது அரசு. நிழல் போனதும் வெயில் நேராக சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, மண் அமுங்கி, தாம்பாளம் மாதிரி பள்ளமாகிவிட்டது. நம்ம கரையில் கடல் ஏறி இறங்கும் உயரமே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். நாளாக நாளாக, கிட்டத்தட்ட ஒரு உப்பளம்! அதில் எந்தக் கன்று பிழைக்கும்? ஆக, பழி போட்டது ஒரு சுள்ளி பொறுக்கின பாட்டி மேல். வேலையைக் காட்டியது கோப்பில் கையெழுத்தான திட்டம்.

காரணம் தெரிந்ததும் வைத்தியம் சுலபமாச்சு. ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். மேலேயிருந்து பார்த்தால் அச்சு அசல் மீன் முள். தண்ணீர் வந்துபோக ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது. கண்டல் நட்டார்கள், பிடித்துக்கொண்டது. வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து செய்த வேலை இது. பதினைந்து ஆண்டுகளில் காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2003-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வாயில் ஓலைப்பறியைக் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குக் காடு வளர்வது என்றால் அது சோற்று விஷயம்.

அடுத்த வருடமே, 2004 டிசம்பர் 26, சுனாமி. காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் தப்பின என்ற செய்தி உலகம் பூரா போனது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குப்பங்களின் கணக்கை வைத்து, தாவரங்கள் இருந்த இடத்தில் உயிரிழப்பு குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். மறு வருடமே வேறு சில ஆய்வாளர்கள் அதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதே பெரும்பாலான வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறதே, காட்டின் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். புள்ளியியல் பேப்பரில் அரியர் வெச்சிருக்கிறவங்க இந்தச் சண்டையை அவசியம் படிக்கணும். என்னைக் கேட்டால், அலையை நிறுத்தியது என்று சத்தியம் பண்ணாமலேயே இந்தக் காட்டைக் காப்பாற்ற ஆயிரம் காரணம் இருக்கு. அந்த இறாலே போதும்.

2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. போர்டு வெச்சாச்சு, சரி. ஆனால் வாய்க்கால்களில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். தூர் வாராமல் விட்டால் தண்ணீர் மறுபடி தேங்கும். கொள்ளிடத்தில் வரும் நல்ல தண்ணீரும் மழைக்காலத்தை நம்பித்தான்.

கிளம்பும் முன் செயற்கைக்கோள் படத்தில் பிச்சாவரத்தைப் பெரிதாக்கிப் பாருங்க. வளைந்து நெளிந்து போகிறதெல்லாம் கடலும் ஆறும் போட்ட ஓடை. நடுவில் மீன் முள் மாதிரி நேர் நேராக கோடுகள் தெரியுதா? அதெல்லாம் மண்வெட்டி போட்டது.