இரண்டு மணி நேரமும் முறைத் தண்ணீரும்

மண் மாதிரியோடு வந்த தோட்டத்துக்காரர் ஒருவர், "பாப்பா வக்கீலுக்குப் படிக்கோணும்ங்குதுங்க. கிளாட்டுன்னு ஒரு பரீட்சையாமா, லட்சக்கணக்குல கட்டி கோச்சிங் சேர்த்தோணுமுங்களா?" என்று கேட்டார். வேளாண் அலுவலரிடம் இதைக் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். என் தங்கை மகள் பல்லடத்தில் எங்கள் வீட்டில் தங்கித்தான் இந்தத் தேர்வுக்குப் படித்தாள். மணி பார்த்தது நான்.

நம் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குத்தான் கிளாட். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். எல்லாம் ஆங்கிலத்தில், நீளமான பத்திகளாக வரும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்தியில் தந்த விதியைத் தந்த சம்பவத்துக்குப் பொருத்தினால் போதும். டிவியில் கேட்ட சட்டத்தை உள்ளே நுழைத்தால்தான் விடை தப்புகிறது.

பி.ஏ.பி. முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது புரியும். ஒரு பாத்தியிலேயே மடையைத் திறந்துவிட்டு நின்றால் கடைசிப் பாத்தி காய்ந்துவிடும். இவளும் முதலில் எழுதிய தாளில் ஒரே பத்தியில் பன்னிரண்டு நிமிடம் நின்றாள். கடைசி முப்பது கேள்விகளைப் பார்க்கவே இல்லை. அதன்பின் ஒரு பத்திக்கும் அதன் கேள்விகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், தாண்டினால் அடுத்தது என்று வைத்துக்கொண்டோம். கணக்குப் பகுதி சிறியது, அதைக் கடைசிக்குத் தள்ளினாள்.

தேர்வு மதியம் 2 முதல் 4 வரை. சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம். அதனால் ஞாயிறுதோறும் அதே நேரத்தில், ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டம் நிரப்பி எழுதினாள். வட்டம் நிரப்பவும் நேரம் பிடிக்கும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், தாள் எழுதுவதைவிட மறுநாள் அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில், புரியவில்லையா, அவசரமா, குருட்டு யூகமா என்று குறித்தாள். பாதிக்கு மேல் அவசரம்தான். நான்கு கேள்விக்குக் குருட்டு யூகம் போட்டு ஒன்று சரியானாலும் மிச்சம் கால் மதிப்பெண்தான். இரண்டு விடைகளைத் தள்ள முடிந்தால் மட்டும் துணியலாம்.

கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன், தேர்வை நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்தில் உள்ள பழைய தாள்களில் இரண்டை வீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டிலேயே திறந்துவிடுகிறது. தேர்வு டிசம்பரில்.