செத்தவர்மேல் போட்ட பழி

மின்சார வண்டிகளை எனக்குப் பிடிக்கும். தானாக ஓடும் கார் மீது கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகள் உருப்படமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்பேன். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் ஒரு சாவு நடந்துவிட்டால், பழியைச் செத்தவர்மேல் போட்டுவிடுவேன். வருடக்கணக்காக இதைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

2018 மார்ச் 23. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில், 101ஆம் நெடுஞ்சாலையில் 38 வயதுப் பொறியாளர் ஒருவர் டெஸ்லா மாடல் எக்ஸ் காரில் ஆட்டோபைலட் போட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு பாதை பிரிகிறது. இரண்டு பாதைகளுக்கும் நடுவே வண்டி போகக்கூடாத முக்கோண இடத்துக்குள் கார் தானாகவே திரும்பி, கான்கிரீட் தடுப்பில் மோதியது. அவர் இறந்துபோனார். அந்த நேரத்தில் அவருடைய போனில் ஒரு கேம் ஓடிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

எனக்கு அந்தக் கேம் ஒன்று போதுமாயிருந்தது. “ரோட்டைப் பார்க்காமல் கேம் ஆடினால் கார் என்ன செய்யும்?” என்று அலுவலகத்தில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், மைத்துனரிடம் கேட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காருக்கும் களங்கமில்லை, கேமுக்கும் களங்கமில்லை.

இதில் எனக்கே பொறுக்காதது என்னவென்றால், அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல் வெளியிட்ட அறிக்கையை நான் படித்திருந்தேன். முன்னால் போன வண்டியைப் பின்தொடர்ந்து மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரில் போன கார், முக்கோணத்துக்குள் நுழைந்ததும் எதிரே வண்டி இல்லை என்று வேகத்தைக் கூட்டியது. மோதும்போது ஏறக்குறைய 114 கிலோமீட்டர். பிரேக் பிடிக்கவே இல்லை. மோதலின் அடியைத் தாங்க வேண்டிய முன்தடுப்பு, 11 நாட்களுக்கு முன் வேறொரு கார் இடித்து நசுங்கிக் கிடந்தது. யாரும் அதை மாற்றவில்லை. ஸ்டீயரிங்கில் கை படுகிறதா என்பதை மட்டும் வைத்து ஓட்டுநரின் கவனத்தை அளப்பது போதாது என்று 2017இலேயே ஆறு நிறுவனங்களுக்கு வாரியம் பரிந்துரை அனுப்பியிருந்தது. ஐந்து நிறுவனங்கள் பதில் எழுதின. டெஸ்லா எழுதவில்லை. அதே இடத்தில் கார் தடுப்பை நோக்கி இழுக்கிறது என்று அந்த மனிதர் முன்பே வீட்டாரிடம் சொல்லியிருந்தார்.

இத்தனையும் படித்தேன். வெளியே சொன்னது கேமை மட்டும். கேமும் ஒரு காரணம் என்பதை அறிக்கை மறைக்கவில்லை. மற்றதை மறைத்தது நான்தான்.

கேம் ஆடுகிறவன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. கைக்கு வேலையில்லாவிட்டால் கவனம் வேறெதையாவது தேடிப் போகும். நல்ல கேம் சும்மா உட்காரவிடாமல் அடுத்தடுத்து ஏதாவது செய்யச் சொல்வது அதனால்தான். அந்தக் காரோ ஓட்டுவதை எடுத்துக்கொண்டது. கண்ணை மட்டும் எடுக்காதே என்றது. மனிதனால் நெடுநேரம் அப்படி இருக்க முடியாது. அவர் ஏன் போனை எடுத்திருப்பார் என்று மற்றவர்களுக்கு விளக்கியிருக்கவேண்டியவன் நான்.

மவுண்டன் வியூ விபத்துக்கு ஐந்து நாள் முன்பு அரிசோனாவின் டெம்பியில் இரவு நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார் மோதியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. “நடுரோட்டில் ஏன் கடந்தார்?” என்பது என் முதல் கேள்வி. மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே காரின் கருவி அவரைக் கண்டிருந்தது. வாகனம், ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தது. கடக்கும் இடமல்லாத இடத்தில் மனிதர் நடந்து வருவார் என்பதை அந்த மென்பொருள் கணக்கிலேயே எடுக்கவில்லை. வால்வோ காரோடு வந்த அவசர பிரேக்கும் அப்போது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இதையெல்லாம் பின்னால் படித்தேன். படித்த பிறகும் யாரிடமும் போய் என் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

அமெரிக்காவில் நடந்ததைப் பற்றி இங்கே உட்கார்ந்து பேசியதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். 2022 மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை. வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுமுட்டி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்து நடந்த எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சார்ஜிங் வசதி வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. மூன்றாவது மாடி அம்மா பயப்பட்டார். நான் எழுந்து, “அவங்க வீட்டு வயரிங் சரியில்லாம இருந்திருக்கும்மா, வண்டி மேல தப்பு இல்லை” என்றேன். வேலூரில் அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. வயரிங் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் மென்பொருள் துறையில் இருப்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த அம்மா மட்டும், “பள்ளிக்கூடம் போற பொண்ணு சார்” என்றார். நான் அதற்குப் பதில் சொல்லாமல் பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ் 156ஐத் திருத்தியது. 2022 டிசம்பரில் ஒரு பகுதியும் 2023 மார்ச் கடைசியில் மறு பகுதியும் நடைமுறைக்கு வந்தன. வண்டியில் குறையே இல்லையென்றால் பேட்டரிக்கான விதியை எதற்குத் திருத்தவேண்டும்? இந்தக் கேள்வி எனக்குள் அப்போதே எழுந்தது. எழுந்தபோதே அதை அமுக்கிவிட்டேன். என்னிடமும் ஒரு மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. அதைத் தினமும் சந்தோஷமாக ஓட்டுகிறேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கீறல் விழுவதைவிட, முகம் தெரியாத ஒரு தகப்பன் கவனமில்லாதவர் என்று பெயர் எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இன்றும் ஸ்கூட்டரை விற்கவில்லை, விற்கப்போவதுமில்லை. மின்சார வண்டிகள் வேண்டும் என்றே நினைக்கிறேன். சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் என் பேச்சு பதிவாகியிருக்கிறது. அதில் வேலூர் குடும்பத்தைப் பற்றி நான் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அதை நீக்கவேண்டும் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதை நானே வாசிக்கிறேன் என்றும், மூன்றாவது மாடி அம்மாவுக்குத் தவறாமல் தகவல் சொல்லும்படியும் கேட்டிருக்கிறேன்.